கன்வெர்ட்டிபிள் கார் சீட்: பெட்டியின் பெரிய எண்ணும் பார்க்க வேண்டிய சின்ன எண்ணும்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு முடியிறக்கக் கிளம்பும் காரில் கைப்பிள்ளைக்கு எங்கே இடம் என்று யாரும் கேட்பதில்லை. "எங்கிட்ட தாங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன்" என்று ஆச்சி கையை நீட்டுவார், வண்டி கிளம்பிவிடும். கொஞ்ச வருஷமாக அந்த மடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சீட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூடவே குழப்பமும் வந்திருக்கிறது. சட்டப்படி இது கட்டாயமா? பிறந்த நாள் முதல் நாலு வயது வரை ஒரே சீட் போதும் என்று கடையில் சொல்வது சரிதானா? ஒரு வயது முடிந்ததும் முன்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கலாமா? பழைய காரில் பொருந்துமா? அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

சட்டத்தில் உள்ள ஒரு 'அல்லது'

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம் 194பி என்ற பிரிவைச் சேர்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட் அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம்.

குழப்பமெல்லாம் அந்த 'அல்லது'வில் இருக்கிறது. பெல்ட் போட்டாலே சட்டத்துக்குப் போதும். ஆனால் காரின் பெல்ட் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஏறத்தாழ 145 செ.மீ. உயரம் வந்த பிறகுதான் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பிலும் மேல்பட்டை தோளிலும் ஒழுங்காகப் படியும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்டால் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும், மேல்பட்டை கழுத்தில் உரசும். பத்து மாதக் குழந்தைக்குப் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. ஆகவே சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தாலும், நாலைந்து வயதுக்குக் கீழே மிஞ்சுவது சீட் ஒன்றுதான்.

இந்தப் பக்கம் பிள்ளைகள் காரைவிட பைக்கில்தான் அதிகம் போகிறார்கள். அதற்குத் தனி விதி 2023 பிப்ரவரி 15 முதல் உண்டு: நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் வார், ஒன்பது மாதம் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட், வேகம் 40 கி.மீ.-க்குள். அதை யார் கடைப்பிடிக்கிறார்கள் என்பது தனிக்கதை. காருக்கே வருவோம்.

மடியின் கணக்கு

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடம்பு அதே 14 மீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து, விழுந்து தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது.

கார் சீட்டுகளைச் சோதிக்கும் ஐரோப்பிய விதியில், 50 கி.மீ. மோதலில் சோதனை வண்டியை நிறுத்தும் விசை புவியீர்ப்பைப் போல 20 முதல் 28 மடங்கு. பத்து கிலோக் குழந்தை அந்த ஒரு கணத்துக்கு 200 முதல் 280 கிலோ. நாலைந்து சிமெண்ட் மூட்டை. ஆச்சியின் கை எவ்வளவு பாசமான கையாக இருந்தாலும் அத்தனை மூட்டையை நிறுத்தாது. நாங்குநேரியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் 100 கி.மீ.-இல் போகும்போது வேகம் இரட்டிப்பு, மோதலில் கரைய வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பிள்ளையை மடியில் வைத்து, இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட் மாட்டுவது. மோதலில் பெரியவரின் 60 கிலோ உடம்பு பிள்ளையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதால் இதைத் திருத்துவதும் கஷ்டம்.

கன்வெர்ட்டிபிள் என்றால் என்ன

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

1. கைப்பிடி வைத்த கூடை போன்ற சீட். பிறந்த குழந்தைக்கு. பின்நோக்கி மட்டுமே வைக்கலாம். சுமார் 13 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருந்தாலும், பெரும்பாலும் ஒரு வயதையொட்டித் தலை விளிம்பைத் தொட்டுவிடும்.

2. கன்வெர்ட்டிபிள். ஒரே ஓடு, அதாவது பிள்ளையைத் தாங்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. முதலில் குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி வைப்பது, அது பின்நோக்கி. வளர்ந்த பிறகு ஓட்டுநர் பார்க்கும் திசையிலேயே பார்க்கும்படி திருப்புவது, அது முன்நோக்கி. இரண்டு தோளுக்கும் இரண்டு இடுப்புக்கும் கவட்டைக்கும் என ஐந்து முனை வார் சீட்டிலேயே இருக்கும்.

3. பூஸ்டர். நாலைந்து வயதுக்கு மேல் பிள்ளையை உயர்த்தி, காரின் பெல்ட் சரியாகப் படிய வைப்பது. இதற்குச் சொந்த வார் கிடையாது.

இணையத்தில் மலிவாக இன்னொன்றும் விற்கிறார்கள். துணிப்பை மாதிரி இருக்கும், நாடாவை கார் சீட்டின் முதுகில் சுற்றிக் கட்ட வேண்டும். ஓடு இல்லை, பக்கவாட்டுத் தடுப்பு இல்லை. அதை 'கார் சீட்' என்ற பெயரில் விற்பதே தப்பு.

ஒரே குழந்தை, ஒரே கார், ஒரு தடவைதான் செலவழிக்க முடியும் என்றால் கன்வெர்ட்டிபிள்தான் சரி. ஏழெட்டு ஆயிரத்தில் ஆரம்பித்து, சுழலும் அடித்தளம் உள்ளவை முப்பதாயிரத்தைத் தாண்டியும் போகும். சுழல்வது பாதுகாப்புக்கு எதையும் கூட்டுவதில்லை, ஏற்றி இறக்குகிறவரின் இடுப்புக்குத்தான் சுகம்.

ஏன் பின்நோக்கி

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவருக்கு அது ஏழில் ஒரு பங்குதான். அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாகவில்லை, துண்டு துண்டாகக் குருத்தெலும்பால் இணைந்திருக்கும், ஒட்டி இறுக வருஷங்கள் ஆகும். முன்நோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடம்பை வார் பிடித்து நிறுத்தும், தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்நோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக ஓட்டுக்குள் அழுந்தும். கடும் மோதல்களில் பெரும்பகுதி முன்பக்கத்திலிருந்து வருவது என்பதால் இந்தத் திசைக்கு இவ்வளவு மதிப்பு.

1960-களில் சுவீடனின் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துக் கிடந்து விசையைத் தாங்குவதைக் கண்டு அதே முறையில் குழந்தைக்குப் பின்நோக்கிய சீட்டை வடிவமைத்தார். அந்த நாட்டில் நாலு வயது வரை பின்நோக்கி உட்காருவது இன்றும் சாதாரணம். இரண்டு வயது என்று தான் முன்பு வைத்திருந்த கணக்கை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-இல் கைவிட்டு, சீட்டின் எடை அல்லது உயர எல்லை வரும்வரை பின்நோக்கியே வைக்கச் சொன்னது.

"காலு மடங்கிக் கிடக்கே, பிள்ளைக்கு வலிக்காதா" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். நம் பிள்ளைகள் நாள் முழுக்கச் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்கள். இதுவும் அப்படித்தான். சீட்டின் முதுகில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டும் உட்காருவார்கள். கால் இடிப்பது திருப்பி வைக்கக் காரணம் ஆகாது.

லேபிளைப் படிப்பது

கடையில் கண்ணில் படுவது பெட்டியில் பெரிதாக அச்சடித்த '0–18 கிலோ', சிலவற்றில் '0–36 கிலோ'. இது சீட்டின் மொத்த ஆயுள். வாங்குவதைத் தீர்மானிக்க வேண்டிய எண் கையேட்டின் உள்ளே இருக்கும்: பின்நோக்கி எத்தனை கிலோ வரை? ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சீட்டில் ஒன்று பின்நோக்கி 10 கிலோவிலும் மற்றொன்று 13 கிலோவிலும் முடியலாம். சில 18 கிலோ வரை போகும்.

இந்த வித்தியாசம் மாதக் கணக்கில் என்ன ஆகும் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தரக் குழந்தை ஒரு வயதில் 9 முதல் 10 கிலோ, இரண்டு வயதில் ஏறத்தாழ 12, மூன்றில் 14, ஐந்தில் 18. ஆகவே 10 கிலோ எல்லை உள்ள சீட் பிறந்தநாள் கேக் வெட்டிய சில மாதத்திலேயே பிள்ளையை முன்நோக்கித் தள்ளிவிடும். 13 கிலோ சீட் இரண்டரை வயது வரை தாங்கும். 18 கிலோ சீட்டில் எடை பிரச்சினையே இல்லை, உயரம்தான் முதலில் முட்டும்.

இந்தியாவில் குழந்தை இருக்கைக்கான தரம் ஏஐஎஸ்-072. இது ஐரோப்பாவின் ஆர்44 விதியை ஒட்டியது. ஆர்44 எடையை வைத்துப் பிரிக்கும்:

பிரிவு 0: 10 கிலோ வரை
பிரிவு 0+: 13 கிலோ வரை
பிரிவு 1: 9 முதல் 18 கிலோ
பிரிவு 2: 15 முதல் 25 கிலோ
பிரிவு 3: 22 முதல் 36 கிலோ

'0+/1' என்று போட்டிருந்தால் கன்வெர்ட்டிபிள். இதில் 9 முதல் 13 வரை இரண்டு திசையும் அனுமதி என்று வருகிறது பாருங்கள், பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். ஒன்பது கிலோ ஆனதும் "திருப்பிடலாம்னு போட்டிருக்கு" என்று திருப்பிவிடுகிறார்கள். ஒன்பது என்பது அனுமதி தொடங்கும் இடம், பதின்மூன்று என்பது கட்டாயம் ஆகும் இடம். இடையில் உள்ள ஒன்றரை வருஷத்தை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

2013-இல் வந்த ஆர்129 என்ற புதிய விதி எடையை விட்டு உயரத்தை எடுத்துக்கொண்டது. ஐ-சைஸ் என்று போட்டிருப்பவை இந்த வகை. 15 மாதம் முடிந்து, 76 செ.மீ. உயரமும் வந்த பிறகே முன்நோக்கி வைக்கலாம். ஆர்44-இல் இல்லாத பக்கவாட்டு மோதல் சோதனையும் இதில் உண்டு. கையில் காசு இருந்து, காரும் ஏற்றுக்கொண்டால் இதை வாங்குவதே நல்லது. '40–105 செ.மீ.' என்று பெட்டியில் இருந்தாலும், பின்நோக்கி 105 வரையா 87 வரையா என்பதை இங்கேயும் கையேட்டில்தான் தேட வேண்டும்.

சீட்டின் முதுகிலோ அடியிலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கும். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும், எடைப் பிரிவு, அனுமதி எண். ஆர்44 சீட்டில் அனுமதி எண் 04 அல்லது 03 என்று தொடங்க வேண்டும். விளம்பரத்தில் 'ஐரோப்பியத் தரம்' என்று எழுதியிருந்து சீட்டில் ஸ்டிக்கர் இல்லை என்றால் அந்தச் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

உங்கள் காரில் உட்காருமா

நல்ல சீட் தப்பான காரில் வெறும் பிளாஸ்டிக். வாங்குமுன் காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள்.

முதலில் இடம். பின்நோக்கிய சீட் சாய்ந்து நிற்பதால் முன் இருக்கையை முட்டும். சின்ன காரில் முன் சீட்டை நன்றாக முன்னால் தள்ள வேண்டியிருக்கும், அங்கே உட்காரும் தாத்தாவின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். வீட்டில் உயரமானவர் யாரோ அவரை முன்னால் உட்கார வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் என்பதால் சீட்டுக்கு இடப்பக்கப் பின் இருக்கையே வசதி. சாலையோரமாக நின்று பிள்ளையை ஏற்றி இறக்கலாம்.

அடுத்தது பெல்ட்டின் நீளம். யாரும் யோசிக்காதது இது. பெல்ட்டால் பொருத்தும் பின்நோக்கிய சீட்டில், பெல்ட்டின் கீழ்ப்பகுதி குழந்தையின் காலுக்குக் கீழே ஓடி, மேல்பகுதி ஓட்டின் முதுகைச் சுற்றி வர வேண்டும். சில கார்களில் அவ்வளவு நீளம் பெல்ட் வராது, கொக்கி மாட்ட நாலு விரற்கடை மிச்சம் நிற்கும். இன்னொரு சிக்கல், கார் பெல்ட்டின் பூட்டு நீளமான தண்டில் நீட்டிக்கொண்டிருந்தால் அது சீட்டின் பெல்ட் வழியில் குறுக்கே வந்து பிளாஸ்டிக் விளிம்பில் அழுந்தும். அப்படி அழுந்திய பூட்டு மோதலில் உடையலாம். அந்தக் காருக்கு அந்தச் சீட் ஆகாது.

மூன்றாவது ஐசோஃபிக்ஸ். பின் இருக்கையின் முதுகும் உட்காருமிடமும் சேரும் இடுக்கில் கையை விட்டால், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் விரலில் தட்டுப்படும். சுமார் 6 மி.மீ. தடிமன். சீட்டின் கொக்கிகள் இதில் நேராகப் பூட்டும். பெரும்பாலும் ஓரத்து இரண்டு இருக்கைகளில் மட்டுமே இருக்கும். இத்தோடு மூன்றாவது பிடி ஒன்று வேண்டும்: மேலே இழுத்துக் கட்டும் நாடா அல்லது தரையில் ஊன்றும் கால். நாடாவுக்கான வளையம் இருக்கையின் முதுகுப் பின்னாலோ டிக்கியிலோ நங்கூரக் குறியோடு இருக்கும். சாமான் கட்டும் கொக்கியும் பக்கத்திலேயே இருக்கும், தோற்றமும் ஒன்று போலத்தான். அதில் மாட்டினால் மோதலில் பிய்ந்துகொண்டு வரும்.

ஐசோஃபிக்ஸ் இல்லையென்றால் பாதுகாப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். இறுக்கமாகப் பெல்ட்டால் கட்டிய சீட்டும் அதே வேலையைச் செய்யும். ஐசோஃபிக்ஸின் லாபம், தப்பாகப் பொருத்துவது கஷ்டம் என்பதுதான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போக வாடகை வண்டி பிடிக்கும் குடும்பம், இரண்டு விதமாகவும் பொருத்தக்கூடிய சீட்டை வாங்குவது புத்திசாலித்தனம். வரும் வண்டியில் கம்பி இருக்குமா இருக்காதா என்று யாருக்குத் தெரியும்? பழைய பெரிய வண்டிகளின் கடைசி வரிசையில் எதிரெதிராக உட்காரும் பலகை இருக்கைகளில் எந்தச் சீட்டையும் வைக்கக் கூடாது.

காரின் கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கும். எந்த இருக்கையில் எந்த எடைப் பிரிவு என்று கட்டம் போட்டு, பொருந்தும் இடத்தில் 'யு' எழுத்தும் ஆகாத இடத்தில் 'எக்ஸ்' எழுத்தும் போட்டிருப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை.

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் என்ற மதிப்பீடு 2023 அக்டோபர் 1-இல் தொடங்கியது. அதில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண்: மோதல் சோதனைக்கு 24, சீட் பொருத்தும் வசதிக்கு 12, வாகனத்தின் அமைப்புக்கு 13. ஒன்றரை வயது, மூன்று வயது அளவிலான பொம்மைகளைக் கார் சீட்டில் கட்டி வைத்துத்தான் மோதுகிறார்கள். 'குழந்தைப் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம்' என்பது சீட்டில் கட்டிய குழந்தைக்கு மட்டும்.

பொருத்தும் முறை

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நிறுத்திப் பொருத்தினால் சாய்வுக் கோணம் தப்பாகும்.

1. முன் இருக்கை வேண்டாம். ஏர்பேக் இயங்கும் இருக்கையில் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. கண் இமைப்பதற்குள் விரியும் அந்தப் பை, குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள ஓட்டின் முதுகையே அடிக்கும்.

2. பெல்ட் ஓடும் வழியைப் பாருங்கள். ஆர்44 சீட்டுகளில் பின்நோக்கிய வழிக்கு நீலக் குறி, முன்நோக்கிய வழிக்குச் சிவப்புக் குறி. இரண்டும் வேறு வேறு துளைகள். நீலத்துக்குப் பதில் சிவப்பில் விட்டால் சீட் அப்போதைக்கு ஆடாமல் நிற்கும், மோதலில் கவிழும்.

3. பெல்ட்டில் முறுக்கு இல்லாமல் நீவி, பூட்டுங்கள். முழங்காலைச் சீட்டில் ஊன்றி உங்கள் எடையை இறக்கிக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். கையால் மட்டும் இழுத்தால் இறுகாது. சீட்டில் பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருந்தால் அதையும் போடுங்கள்.

4. ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் 'டக்' சத்தம் கேட்டு, சிவப்பு மறைந்து பச்சை தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருப்பது சகஜமான தவறு. பிறகு மேல் நாடாவை இறுக்குங்கள், அல்லது சீட்டின் காலைத் தரையில் ஊன்றுங்கள். தரைக்கடியில் சாமான் வைக்கும் பெட்டி உள்ள காரில் மூடி மேல் கால் ஊன்றக் கூடாது, மூடி உள்ளே போய்விடும்.

5. பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ ஓர் அங்குலத்துக்கு, அதாவது 2.5 செ.மீ.-க்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டிவிட்டு 'ஆடுதே' என்று பயப்பட வேண்டாம், பின்நோக்கிய சீட்டின் தலைப்பகுதி கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

6. சாய்வு. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 45 டிகிரி. ஓட்டின் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும், அது தரைக்கு இணையாக நிற்க வேண்டும். ரொம்ப நிமிர்ந்தால் தூங்கும்போது தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடும். தலை நிற்கிற வயதுக்கு மேல் கொஞ்சம் நிமிர்த்தலாம், முன் இருக்கைக்கும் இடம் கிடைக்கும்.

வாரை மாட்டுவது

பொருத்துவது ஒரு நாள் வேலை. வார் மாட்டுவது தினமும். ஒழுங்காகப் பொருத்திய வீடுகளிலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பின்நோக்கி இருக்கையில் தோள் வார் பிள்ளையின் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். முன்நோக்கித் திருப்பிய பிறகு சமமாக அல்லது சற்று மேலிருந்து. திருப்பும்போது வாரின் உயரத்தை மாற்ற மறந்துவிடுவார்கள்.

இறுக்கத்துக்கு ஒரு சோதனை. காறையெலும்புக்கு மேல் வாரைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் தளர்வு, இன்னும் இழுக்க வேண்டும். விரல் வழுக்கினால் சரி. பிள்ளை அழுகிறதே என்று ஒரு பிடி தளர்த்தினால் மோதலில் அந்த ஒரு பிடியும் தலை முன்னால் போகும் தூரமாகிவிடும்.

விசேஷ நாட்களில் சிக்கல் உடையில் வரும். பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தால் துணி கவட்டையில் திரண்டு நிற்கும், நடு வார் ஏறாது, வாரை அப்படியே விட்டுவிட்டு மேல் கொக்கியை மட்டும் மாட்டுவார்கள். நடு வார் இல்லாவிட்டால் பிள்ளை கீழே வழுகி, வார் கழுத்தில் மாட்டும். பாவாடையைத் தொடை வரை தூக்கிவிட்டு, வாரை மாட்டிப் பிறகு மேலே பரப்பிவிடுங்கள். அதைவிட, பட்டுப்பாவாடையைக் கோயில் வாசலில் கட்டிவிடுவது நல்லது. பிள்ளைக்கு அடியில் தடித்த துண்டு, தனியாக வாங்கிய மெத்தை, முதுகுக்குப் பின்னால் தலையணை எதுவும் வேண்டாம். அவை மோதலில் நசுங்கி வாரைத் தளர்த்தும். சீட்டோடு வந்த பச்சைக்குழந்தை மெத்தையை மட்டும், கையேட்டில் சொன்ன எடை வரை வைக்கலாம்.

நீண்ட பயணத்தில் கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுங்கள். சென்னைக்கு 600 கி.மீ.-க்கு மேல் ஓட்டுகிறவர்கள் டீக்கு நிறுத்தும் இடமெல்லாம் இதற்கும் சேர்த்துத்தான்.

வெயில், வாந்தி, அல்வா

சித்திரை மத்தியானம் கோயில் வாசலில் நிறுத்திய காரில் வாரின் இரும்பு நாக்கு தொட முடியாதபடி சுடும். இறங்கும்போதே வெள்ளைத் துண்டால் சீட்டை மூடுங்கள், ஏற்றுமுன் புறங்கையால் நாக்கைத் தொட்டுப் பாருங்கள். பின் இருக்கைக்கு ஏசி துவாரம் இல்லாத காரில் பின்நோக்கிய பிள்ளைக்குக் காற்று போகாது, நடுத் துவாரங்களைக் கூரையைப் பார்த்துத் திருப்பினால் காற்று பின்னால் இறங்கும். ஐந்து நிமிஷம்தானே என்று பிள்ளையை மட்டும் உள்ளே விட்டுப் போவது, கண்ணாடி இறங்கியிருந்தாலும் கூடாது.

பாபநாசத்திலிருந்து காரையாருக்கு மலை ஏறினால் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். உறையைக் கழற்றித் துவைக்கலாம். வாரை மட்டும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஊற வைத்தாலோ பிளீச்சிங் போட்டாலோ இஸ்திரி தேய்த்தாலோ இழை பலம் இழக்கும். பூட்டு இன்னொரு தலைவலி: பிஸ்கட் தூளும் அல்வா நெய்யும் உள்ளே இறங்கினால் நாக்கு முழுதாகப் போகாமலே பூட்டியது போல் நிற்கும். 'டக்' சத்தம் மந்தமாகிவிட்டால் கையேடு அனுமதிக்கும் முறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். எண்ணெய் விடுவது அழுக்கை இன்னும் ஒட்ட வைக்கும்.

வெளிநாட்டுச் சீட்டும் பழைய சீட்டும்

அமெரிக்காவில் இருக்கும் மகன் வரும்போது சீட்டையும் கொண்டுவருவது இங்கே சகஜம். அந்தச் சீட்டுகளில் பல பின்நோக்கி 40 பவுண்டு, அதாவது 18 கிலோ வரை தாங்கும். நல்ல விஷயம். சிக்கல் பெல்ட்டில். அமெரிக்கக் கார்களில் பயணிகள் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துவிட்டால் அது உள்வாங்க மட்டும் செய்யும், வெளியே வராது. இந்தச் சீட்டுகள் பல அதை நம்பியே செய்தவை. இந்தியாவில் ஓடும் பல கார்களின் பெல்ட் திடீர் உலுக்கலில் மட்டும்தான் பூட்டும். பெல்ட்டை முழுக்க இழுத்து, உள்ளே விட்டு, மறுபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருக்க வேண்டும், அல்லது ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும் கொக்கி நாடாவைப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்கச் சீட்டில் மார்புக்குக் குறுக்கே ஒரு கிளிப் வரும், அது அக்குளின் மட்டத்தில் நிற்க வேண்டும், வயிற்றில் அல்ல. ஐரோப்பியச் சீட்டில் அது இருக்காது, தொலைந்துவிட்டது என்று தேட வேண்டாம்.

அண்ணன் பிள்ளைக்கு வாங்கியதைத் தம்பி பிள்ளைக்குக் கொடுப்பதில் தப்பில்லை, மூன்று விஷயம் தெரிந்தால். அது விபத்தில் இருந்ததில்லை, எல்லாப் பாகமும் கையேடும் இருக்கிறது, காலம் முடியவில்லை. சீட்டைக் கவிழ்த்தால் பிளாஸ்டிக்கில் கடிகாரம் போன்ற வட்ட முத்திரை இருக்கும். நடுவில் வருஷம், அம்பு காட்டுவது மாதம், அது வார்த்த தேதி. அங்கிருந்து 6 முதல் 10 வருஷம் வரை, தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. நம் வெயிலில் நிற்கும் காருக்கு நான் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வேன்.

எப்போது இந்தச் சீட்டை விடுவது? பின்நோக்கி இருக்கும்போது எடை எல்லை, அல்லது தலை ஓட்டின் மேல்விளிம்பை எட்டுவது, எது முந்துகிறதோ அது. முன்நோக்கித் திருப்பிய பிறகு தோள் மேல் துளையைத் தாண்டினாலோ, காது ஓட்டின் உச்சிக்கு வந்தாலோ, 18 கிலோ ஆனாலோ பூஸ்டருக்கு மாறலாம். விபத்தில் இருந்த சீட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். விரிசல் வெளியே தெரியாது. வாரைக் கத்தரியால் நான்கு இடத்தில் வெட்டிவிட்டுத்தான் பழைய சாமான்காரரிடம் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் அதே சீட் வேறொரு காரில் இருக்கும்.